முடியில்லாதவர் நடத்திய முடிப் போராட்டம்

செய்தி எனக்குச் சங்கரலிங்கம் அண்ணாச்சி மூலம் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "நர்ஸம்மா, நம்ம பாய் முந்திக்கிட்டாருல்லா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மைதீன் பிச்சை அண்ணாச்சி வாழ்க்கையில் எதிலும் முந்தியவர் இல்லை. ஊர் நலக் குழுக் கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கு வந்து, "அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியளா?" என்று எங்களிடமே குறைப்பட்டுக்கொள்கிறவர். "எதுல முந்திக்கிட்டாரு?" என்று கேட்டேன். மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து கடையில உக்காந்திருக்காரு. டீ கொண்டாந்தவன் கூப்பிட்டுப் பாத்திருக்கான். எந்திரிக்கல" என்றார்.

அன்று மதியம் அவர் வீட்டு வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அவருடைய கடை நாற்காலிகள்தான். எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல், நாற்காலி, அண்டா எல்லாம் அவருடைய பந்தல் சாமான் கடையிலிருந்தே போகும். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு வாய்த்த நாற்காலியில் ஒரு கால் ஆடியது. அவர் ஆடியபடியே, "இத மட்டும் பாய் பாத்தார்னா எந்திரிச்சி வந்துருவாரு" என்றார். பெண்கள் பக்கமிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். நான்தான்.

பாயை அறிந்த உங்களுக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதியையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுதினால் தன்னுடைய தலைமுடி பற்றிய பகுதியை விட்டுவிடுவார். அதனால் நானே எழுதுகிறேன். ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம். தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறி பாதி வழியில் இறங்க வேண்டிய ஊர் என்பது போதும்.

நான் முப்பது வருடம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தவள். மைதீன் பிச்சை அண்ணாச்சியை எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான். சர்க்கரைக்காக ஊசி போட வருவார். வரிசையில் அவர் முறை வரும்போதெல்லாம் பின்னால் திரும்பி, "இந்தத் தாயி முதல்ல போட்டும், பாவம், கைப்பிள்ளையோட நிக்குதா" என்று விலகி நிற்பார். அடுத்து ஒரு வயதானவர். அடுத்து ஒரு கர்ப்பிணி. இப்படியே எல்லோரையும் அனுப்பிவிட்டு, அறையைப் பூட்டும் நேரத்தில், "நாளைக்கு வாரேம்மா" என்று போய்விடுவார். எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊசி என்றால் பயம் என்பதை அவர் மனைவிதான் வந்து சொன்னார்.

ஆற்றில் வெள்ளம் வந்து கீழத்தெரு மூழ்கிய வருடம் அவரோடு வேலை செய்ய வேண்டி வந்தது. எங்கள் கிறிஸ்தவ சபை மண்டபத்தில் ஜனங்களைத் தங்கவைத்திருந்தோம். அண்ணாச்சி கடையிலிருந்து அண்டாக்கள் வந்தன. கோயில் விழாக் கமிட்டித் தலைவரான சங்கரலிங்கம் அண்ணாச்சி கோயில் சமையல்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாள் சேர்ந்து பொங்கிப் போட்டோம். தண்ணீர் வடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. பள்ளிவாசல் ஜமாஅத், சபை, கோயில் கமிட்டி மூன்றும் சேர்ந்து ஒரு குழு வைப்பது என்று ஆயிற்று. பெண்கள் சங்கச் செயலாளர் என்பதால் சபை சார்பில் நான்.

குழுவுக்குப் பெயர் வைக்க இரண்டு கூட்டம் பிடித்தது. எந்த மதத்தின் பெயரை முதலில் போடுவது என்று தகராறு. கடைசியில் மைதீன் பிச்சை அண்ணாச்சிதான், "ஊர் நலக் குழுன்னு போடுங்க. ஊருன்னு சொல்லிட்டா எல்லாரும் உள்ள வந்துருவாங்கல்லா" என்றார். கூட்டத்தின் தொடக்கத்தில் மூன்று ஜெபம் நடக்கும். மற்ற இருவரும் நீட்டுவார்கள். அண்ணாச்சி இரண்டே வரியில் துஆவை முடித்துவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆமீன் சொல்ல ஆளு முழிச்சிருக்கும்போதே முடிச்சிரணும்மா" என்றார்.

இனி இசக்கிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழியாகத் திருநெல்வேலி போகும் அரசு பஸ்ஸின் கண்டக்டர். நாற்பது வயதிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. ஊரில் அவர் கையால் டிக்கெட் வாங்காதவர் கிடையாது.

ஒருநாள் அண்ணாச்சி பந்தல் துணி வாங்கத் திருநெல்வேலி ஜங்ஷன் போயிருக்கிறார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூனில், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி இசக்கிமுத்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. உள்ளேயே போய்விட்டார்.

"என்னவே, லீவு நாளும் அதுவுமா இங்கன வந்து உக்காந்திருக்கீரு? நம்ம ஊர்ல சலூன் இல்லையா?"

"ஊர்ல சலூன் இருக்கு அண்ணாச்சி. எனக்கு இல்ல" என்றாராம் இசக்கிமுத்து, கண்ணாடியைப் பார்த்தபடியே.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ். பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம ஊர் நலக் குழு ஒண்ணு இருக்குவே. அங்க வந்து இதச் சொல்லும்" என்றிருக்கிறார் அண்ணாச்சி. இசக்கிமுத்து சிரித்தாராம். "ஊர் நலக் குழுவுல எனக்கு என்ன வேலை? நாங்க ஊர்ல கிடையாதே. நாங்க காலனில்லா."

அடுத்த கூட்டத்துக்கு அண்ணாச்சி நேரத்துக்கு வந்தார். அப்போதே நான் பயந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னார். "எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். இத்தனை வருசமா அந்த சலூன் வாசல்ல நடந்து போறேன். காலனி ஆளு ஒருத்தரைக்கூட உள்ள பாத்ததில்ல. தெரிஞ்சும் யோசிக்காம இருந்திருக்கேன். அதுதான் கேவலமா இருக்கு" என்றார். எங்கள் சபையிலும் காலனிக் குடும்பங்கள் இருக்கின்றன. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். அந்த வீட்டு ஆண்கள் எங்கே முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இரண்டு அண்ணாச்சிகளும் நானும் சலூனுக்குப் போனோம். நடத்துகிறவர் பரமசிவன். ஒரே ஒரு சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, ஒரு பெஞ்சு. விஷயத்தைச் சொன்னதும் கத்திரியைக் கீழே வைத்தார்.

"எனக்கு என்ன அண்ணாச்சி, நான் வெட்டுதேன். நாளைக்கு அதே நாற்காலியில உங்க ஆட்க வந்து உக்காருவாங்களா? அதச் சொல்லுங்க. என்னையே இந்த ஊர்ல எத்தன வீட்டுல நடைக்கு மேல ஏத்துதாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மைதீன் பிச்சை அண்ணாச்சி அந்த நாற்காலியை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டார். "அப்ப தப்பு இந்த நாற்காலியில இல்ல. எங்க தலையில இருக்கு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசலில், ஞாயிறு சபையில், அடுத்த பிரதோஷத்தன்று கோயிலில் அறிவித்தோம். அதே நாற்காலியில் அடுத்து உட்காருவோம் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டு, காலனி ஆட்கள் ஊர் சலூனில் உட்கார்ந்து எழுந்திரிக்கிற வரைக்கும் நம்மில் எந்த ஆணும் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வெளியூர் போயும் வெட்டக் கூடாது. அதுவரை பரமசிவன் சும்மா இருக்க வேண்டாம் என்று அண்ணாச்சி அவரைத் தன் பந்தல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

அறிவிப்பு வந்த மறுநிமிடமே பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது. "அண்ணாச்சி, உங்க தலையில வெட்ட என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. தொப்பியை எடுத்தால் அவர் தலை எங்கள் வீட்டுச் சில்வர் குடம் போல இருக்கும். எழுபது வயதில் அவருக்கு இருந்த ஒரே அலங்காரம் தாடி. வாரம் தவறாமல் மருதாணி போட்டு, செம்பருத்தி நிறத்தில் வைத்திருப்பார். எல்லார் முன்னாலும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "சரி, இனிமே மருதாணி கிடையாது" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஊர் மாற ஆரம்பித்தது. ஜமாஅத் இளைஞர்கள்தான் அதிகம் வாடினார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை காதுக்கு மேல் செதுக்கி, உச்சியில் கூடு வைத்துக்கொள்கிற தலைகள் அவை. எல்லாம் ஒன்றாகச் சரிந்து தேங்காய் நார் மாதிரி தொங்கின. எங்கள் போதகரைப் பார்த்த ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று, படத்தில் இருக்கிறவர் இறங்கி வந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னாலும் கேட்காமல், ஆண்கள் பேன் மருந்து கேட்டு என் வீட்டு வாசலில் நின்றார்கள். பரமசிவன் பந்தல் ஏணியில் நின்று கீழே போகிற தலைகளைப் பார்த்துப் பார்த்து, கை அரிக்கிறது என்றார்.

அண்ணாச்சியின் தாடி ஒரே மாதத்தில் முழு வெள்ளையானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "தாத்தா" என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "இத்தன வயசு எங்கே இருந்துச்சு நர்ஸம்மா, எனக்கே தெரியாம?" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

இந்தப் போராட்டத்தில் ஒரு வசதி இருந்தது. வெளியூர் போய்த் திருட்டுத்தனமாக முடி வெட்டிக்கொள்ள நினைப்பவர் பெரும்பாலும் இசக்கிமுத்துவின் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். முடியோடு போன தலை முடியில்லாமல் திரும்புவதை அவர் பார்ப்பார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். யாரிடமும் சொல்ல மாட்டார். அந்தப் பேச்சில்லாமைக்குப் பயந்தே பலர் ஊரைவிட்டு நகரவில்லை.

சங்கரலிங்கம் அண்ணாச்சி என்னை மன்னிக்க வேண்டும். மை பூசி, எண்ணெய் தடவி, நடு வகிடெடுத்த அவருடைய முடி ஊரில் பெயர் பெற்றது. ஆறாவது வாரம் அதில் கருப்பு, செம்பட்டை, வெள்ளை என்று மூன்று வரிசை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் கூட்டத்துக்கு அவர் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வந்தார். சித்திரை மாதம். மின்விசிறிக்குக் கீழேயே எங்களுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"என்னவே குல்லா?" என்றார் மைதீன் பிச்சை அண்ணாச்சி.

"காய்ச்சல்."

"நர்ஸம்மா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

நான் நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. நல்ல மை வாசனையும் வந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் குல்லாவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். கச்சிதமான வெட்டு.

"இசக்கிமுத்து கேட்டுருந்தாக்கூடப் பரவால்ல. இறங்கும்போது, 'தலையைப் பாத்து, அண்ணாச்சி, கம்பி இடிச்சிரும்'னு மட்டும் சொன்னான். அதுலேர்ந்து எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல" என்றார்.

மைதீன் பிச்சை அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. பிறகு சொன்னார்: "முடி திரும்ப வளந்துரும். அதுக்குள்ள உமக்கு ஒரு வேலை இருக்கு."

வேலை சுலபமானதல்ல. பரமசிவனின் சலூன் இருந்த கட்டடத்துக்காரர் அந்த வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். காலனி ஆளை உட்காரவைத்தால் மறுநாளே கடையைக் காலி செய்ய வேண்டுமாம். பரமசிவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவர் அண்ணாச்சியிடம் வந்து, "விட்டுருங்க அண்ணாச்சி, என்னால முடியாது" என்று அழுதுவிட்டுப் போயிருந்தார். கட்டடக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மைத்துனர். போய்ப் பேசச் சொன்னோம். இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"டீ நல்லா இருந்துச்சு" என்றார்.

மைதீன் பிச்சை அண்ணாச்சி எழுந்து தன் கடைக்கு முன்பக்கம் இருந்த அறையைத் திறந்தார். உள்ளே இருந்த சீரியல் விளக்குகளையும் மணவறைத் தூண்களையும் தானே தூக்கி வெளியே வைத்தார். "பரமசிவனைக் கூப்பிடுங்க. இனி சலூன் இங்கன. சொந்த இடம், காலி பண்ணச் சொல்ல எனக்கு மேல ஆள் கிடையாது" என்றார்.

மறுநாள் பட்டப்பகலில் கடை மாறியது. சுழல் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பரமசிவன் பிடித்தார். மறுபக்கத்தை, மைத்துனர் வீட்டு வாசல் வழியாகவே, சங்கரலிங்கம் அண்ணாச்சி பிடித்துத் தூக்கி வந்தார். பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது, விடவில்லை. கண்ணாடியை நானும் போதகரும் தூக்கினோம். தெருவில் நின்ற ஆண்கள் எல்லோரும் அதில் தங்கள் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். ஒன்றரை மாதமாக அடுத்தவர் தலையைப் பார்த்து மட்டும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதன் பிறகு நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். அதையும் எழுதத்தான் வேண்டும். திறப்பு விழா வைத்தோம். அண்ணாச்சி தன் கையால் பந்தல் போட்டார். ஒலிபெருக்கி, இசக்கிமுத்துவுக்கு ரோஜா மாலை, மூன்று மதத்து ஆசீர்வாதம், ஒரு புகைப்படக்காரர். எல்லாம் தயாரான பிறகுதான் இசக்கிமுத்துவிடம் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவர் டூட்டி முடிந்து இறங்கி, பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"உமக்குத்தான்வே. நீரு முதல்ல உக்காரணும்."

"முடி வெட்டணும்னா முடி வெட்டணும். மாலை எதுக்கு? நான் உக்காந்து வெட்டுததை ஊரே சுத்தி நின்னு பாக்கணுமா? உங்கள்ல யாருக்காவது முடி வெட்ட இப்படிப் பந்தல் போட்டிருக்காங்களா?" சத்தம் போடவில்லை. பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில்தான் கேட்டார்.

மைதீன் பிச்சை அண்ணாச்சியின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். பிறகு ஏணியை எடுத்து, தான் போட்ட பந்தலைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு முடிச்சாக. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "நாங்க உமக்காகச் செய்யுதோம்னு நினைச்சிட்டோம்வே. எங்களுக்காகத்தான் செஞ்சிருக்கோம் போல" என்று ஏணி மேலிருந்தே சொன்னார். இசக்கிமுத்து கீழே நின்று கயிற்றைச் சுருட்டிக் கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை, அவருடைய லீவு நாள். காலை பத்து மணிக்கு லுங்கியும் சட்டையுமாக வந்தார். பெஞ்சில் கிடந்த பேப்பரை எடுத்து விளையாட்டுப் பக்கத்தைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பரமசிவன் வெள்ளைத் துணியை உதறிக் கட்டினார். "முன்னாடி கொஞ்சம் நீளமா விடுங்க" என்றார் இசக்கிமுத்து. அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் முடிந்தது. பின் கழுத்துக்குக் கண்ணாடி காட்டியபோது, காதோரம் சரியில்லை என்று குறையும் சொன்னார். அண்ணாச்சி எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், பார்க்கக் கூடாது என்று. டீக்கடைக்காரர்தான் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இசக்கிமுத்து தெருவைத் தாண்டியதும் மொத்த ஊரும் சலூனுக்குள் பாய்ந்தது. யார் அடுத்து என்று மூன்று மதத்துக்கும் தகராறு. அண்ணாச்சி உள்ளே வந்து, "எவனுக்கு முடி அதிகமோ அவன் முதல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். போதகர் ஜெயித்தார்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றும் முப்பது, நாற்பது பேர் முடி வெட்ட அடுத்த ஊருக்குத்தான் போகிறார்கள். போகட்டும். இசக்கிமுத்து டிக்கெட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கட்டடக்காரர் வீட்டு வளைகாப்புக்கு நாற்காலி கேட்டு அவரே வர வேண்டியிருந்தது. கடைக்குப் போகிற வழி இப்போது சலூன் வழியாகத்தான். பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் காலனியைச் சேர்ந்த இருவர். அன்று அண்ணாச்சி நாற்காலி எடுத்து வைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பந்தல் போட்டிருக்கலாம். கட்டடக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். கால் வலித்தது போலிருக்கிறது. உட்கார்ந்தார். அண்ணாச்சி மருதாணிக்குத் திரும்பவில்லை. "வெள்ளைத் தாடிக்கு பஸ்ல சீட்டு கிடைக்குது நர்ஸம்மா. எதுக்கு விடணும்?" என்றார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது போன மாதம், எங்கள் சபை அறுப்பின் பண்டிகை விருந்தில். எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாச்சியைக் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பைய கூப்பிட்டார்.

"உங்க விருந்து, எங்க கந்தூரி, கோயில் அன்னதானம் மூணுக்கும் அண்டா என்னோடது. முப்பது வருசமா சுத்தமாத்தான் திரும்பி வருது. யாரு தேய்க்குதாங்கன்னு இன்னைக்குத்தான் வந்து பாத்தேன். மூணு இடத்துலயும் அதே நாலு பொம்பளைங்கதான் நர்ஸம்மா. காலனிக்காரங்க. இன்னும் சாப்பிடல" என்றார். நான் பார்த்தேன். அந்த நால்வரில் ஒருத்தி எங்கள் சபைப் பெண், எஸ்தர். என்னோடு பாடகர் குழுவில் பாடுகிறவள். "இது ஆம்பளைங்க தலை விசயம் இல்ல. நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஓர் அண்டாவை இழுத்துப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். நான் சிரித்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர் அண்டாவுக்குள் பாதி போயிருந்தார். சிரித்தேனே தவிர, அன்று நான் உட்காரவில்லை. பட்டுச்சேலை கட்டியிருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தேய்ப்பது யார் என்று போய்ப் பார்ப்பது. போன ஞாயிறு பெண்கள் சங்கத்தில் பேசினேன், பிறகு ஊர் நலக் குழுவிலும். இனி மூன்று விருந்திலும் அந்த நால்வரும் முதல் பந்தியில் உட்காருவார்கள். எஸ்தரிடம் இந்தத் தடவை முதலிலேயே கேட்டேன். "சோறு சூடா இருந்தா வாரேன்" என்றாள். பாத்திரம் தேய்க்கப் பெயர்ப் பட்டியல் எழுதியாகிவிட்டது. ஆடி மாதம் கோயில் அன்னதானத்துக்கு முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.